உடைமையற்ற குதிரைக்கு ஒரு லாயம்

குதிரை எந்த நாட்டு விலங்கு என்று கேட்டால் நம்மில் பலர் சட்டென்று அரேபியா என்று விடை சொல்லிவிடுவோம். வரலாறு படித்தவர்கள் சற்று யோசித்து, ஆசியாவின் பரந்த புல்வெளிகள் என்பார்கள். மனிதன் குதிரையைப் பழக்கி வீட்டு விலங்காக்கியது அந்தப் புல்வெளிகளில்தான் என்பது உண்மையே. ஆனால் குதிரைக் குலம் வளர்ந்து உருப்பெற்ற தொட்டில் வேறு. அது வட அமெரிக்கா.

சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த குதிரையின் மூதாதை ஒரு நரியின் அளவுதான் இருந்தது. அதற்கு முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று விரல்கள். காடுகள் குறைந்து புல்வெளிகள் பெருகப் பெருக, உடல் பெருத்தது, கால்கள் நீண்டன, பக்க விரல்கள் மறைந்து நடுவிரல் மட்டும் குளம்பாகத் தங்கியது. பனிக்கட்டிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்து, இன்றைய பெரிங் நீரிணை தரைப்பாலமாக இருந்தபோது குதிரைகள் அதன் வழியாக ஆசியாவுக்கு வந்தன. வந்தவை பிழைத்தன. பிறந்த மண்ணில் இருந்தவையோ ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அழிந்துபோயின. தட்பவெப்ப மாற்றமா, மனிதனின் வேட்டையா, இரண்டுமா என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

அப்படியானால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இன்று கூட்டம் கூட்டமாகத் திரியும் 'மஸ்டாங்' குதிரைகள் எங்கிருந்து வந்தன? அவற்றைக் கொன்று குவித்தவர்கள் யார், காத்தவர்கள் யார்? காத்த பின்னரும் அவற்றுக்கு வீடு வீடாக இடம் தேட வேண்டிய நிலை ஏன் வந்தது? இவற்றையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கப்பலில் வந்த குதிரை

1493-ஆம் ஆண்டு கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் குதிரைகளை ஹிஸ்பானியோலா தீவில் கொண்டுவந்து இறக்கினார். 1519-இல் கோர்ட்டெஸ் மெக்சிகோவில் கரையேறியபோது அவரிடம் இருந்தவை 16 குதிரைகளே. 1598-இல் ஸ்பானியர் இன்றைய நியூ மெக்சிகோவில் குடியேறினார்கள். அவர்களுடைய பண்ணைகளிலிருந்து தப்பியவையும், பிரிந்தவையும், கவர்ந்து செல்லப்பட்டவையும் மெல்ல மெல்ல வடக்கே பரவின.

1680-இல் பியூப்லோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தபோதுதான் பழங்குடியினர் கைக்குக் குதிரை பெருமளவில் கிடைத்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் திருத்தியது. பழைய குதிரை எலும்புகளின் காலத்தைக் கணித்து, அவற்றின் மரபணுவையும் ஆராய்ந்தபோது, 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பெருஞ்சமவெளியிலும் ராக்கி மலைப் பகுதியிலும் பழங்குடியினர் குதிரைகளை வளர்த்தது தெரிய வந்தது. தங்களிடம் குதிரை வெகுகாலமாகவே இருந்தது என்று அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததற்கும் இது பொருந்தி வந்தது.

'மஸ்டாங்' என்ற பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. ஸ்பெயின் நாட்டில் மந்தை உடைமையாளர்களின் சங்கத்திற்கு 'மெஸ்டா' என்று பெயர். மந்தையிலிருந்து பிரிந்து, உரிமை கோர ஆள் இல்லாமல் திரியும் கால்நடையை 'மெஸ்டென்யோ' என்றார்கள். அச்சொல்லே ஆங்கிலேயர் நாவில் 'மஸ்டாங்' ஆயிற்று. ஆகவே மஸ்டாங் என்றால் 'உடைமையற்றது' என்று பொருள்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். புலியும் காட்டெருமையும் போல மஸ்டாங் என்றும் காட்டிலேயே இருந்த விலங்கு அன்று. வீட்டு விலங்கின் வழித்தோன்றல் காட்டுக்குத் திரும்பிய கதைதான் அது. அதனால்தான் அதை மீண்டும் வீட்டுக்குப் பழக்க முடிகிறது. அதனால்தான் அதைப் பற்றிய வழக்கும் தீராமல் நீள்கிறது. "பிறந்த மண்ணுக்குத் திரும்பிய பிள்ளை" என்கிறது ஒரு கட்சி. "ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட அயல் விலங்கு" என்கிறது மறு கட்சி.

கோடரிக்கு இரையான கூட்டங்கள்

19-ஆம் நூற்றாண்டில் மஸ்டாங்குகள் மிகப் பெருகியிருந்தன. அவற்றின் தொகை 20 லட்சம் வரை இருந்திருக்கலாம் என்று ஜே. ஃபிராங்க் டோபி என்ற எழுத்தாளர் கூறினார். ஆனால் அது ஊகமே என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிறகு நிலைமை மாறியது. மேய்ச்சல் நிலங்களைப் பண்ணையார்கள் முள்கம்பி வேலியிட்டு வளைத்தார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆக வேண்டிய புல்லைத் தின்னும் பகையாகக் குதிரை கருதப்பட்டது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறோர் ஆபத்தும் சேர்ந்தது. நகரங்களில் நாய்க்கும் பூனைக்கும் டப்பாவில் அடைத்த இறைச்சி வாங்கும் வழக்கம் பரவியது. அந்த இறைச்சிக்கு மிக மலிவான மூலப்பொருள் மஸ்டாங்!

குதிரையேறித் துரத்திப் பிடிப்பது கடினம். எனவே விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, அதன் ஓசையால் குதிரைகளை மலையிலிருந்து சமவெளிக்கு விரட்டினார்கள். அங்கே லாரிகள் துரத்தின. கழுத்தில் சுருக்கு விழும். கயிற்றின் மறுமுனையில் கனத்த லாரி டயர் கட்டப்பட்டிருக்கும். அதை இழுத்து இழுத்து ஓய்ந்த குதிரையை லாரியில் ஏற்றுவார்கள். சில இடங்களில் நீர்நிலைகளில் நஞ்சு கலந்ததும் உண்டு.

ஒரு செயலாளரின் போராட்டம்

1950-ஆம் ஆண்டு. நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர் வெல்மா ஜான்ஸ்டன். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, மாதக் கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து, முகமும் உடலும் கோணிப்போனவர். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், முன்னால் சென்ற லாரியிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டார். பின்தொடர்ந்து போனார். லாரி நின்ற இடம் ஒரு கசாப்புக் கூடம். உள்ளே, நெருக்கி அடைக்கப்பட்ட காயம்பட்ட குதிரைகள்.

கண்டதை அவர் கண்டதோடு விடவில்லை. ஊர்க்கூட்டங்களில் பேசினார். படங்கள் திரட்டினார். 1952-இல் அவர் வாழ்ந்த ஸ்டோரி மாவட்டத்தில் விமானத்தால் குதிரை பிடிப்பது தடுக்கப்பட்டது. 1955-இல் நெவாடா மாநிலமே ஒரு சட்டம் இயற்றியது. எதிர்த்தரப்பினர் அவரைக் கேலியாக 'காட்டுக் குதிரை ஆனி' என்று அழைத்தார்கள். அவர் அந்தப் பெயரையே தம் கொடியாக்கிக் கொண்டார்!

1959-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அரசு நிலங்களில் விமானத்தாலும் மோட்டார் வண்டியாலும் காட்டுக் குதிரைகளை வேட்டையாடுவதும், அவற்றின் நீர்நிலைகளில் நஞ்சிடுவதும் குற்றமாயின. ஆனால் குதிரைக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. போராட்டம் தொடர்ந்தது. பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் கையாலேயே கடிதம் எழுதினார்கள். வாக்குரிமை இல்லாதவர்களின் கடிதங்கள் வாக்கால் வந்தவர்களை அசைத்தன. 1971 டிசம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மஸ்டாங்குகளும் காட்டுக் கழுதைகளும் மேற்குப் பகுதியின் வரலாற்றுக்கு உயிருள்ள சின்னங்கள் என்று அச்சட்டம் அறிவித்தது. அவற்றைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் கொல்வதும் தடுக்கப்பட்டன. உடைமையற்ற குதிரைக்கு முதன்முறையாக ஒரு காப்பாளர் கிடைத்தார். அந்தக் காப்பாளர், அரசின் நில நிர்வாகத் துறை. வனத்துறையின் நிலங்களில் வனத்துறை.

ஆனி 1977-இல் காலமானார். அதற்குள் அவர் கேட்ட சட்டம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது; அதோடு ஒரு புதுச் சிக்கலும் தொடங்கிவிட்டது.

கூட்டு வட்டியின் கணக்கு

அந்தச் சிக்கல் மிக எளிய கணக்கு. உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படித்த கூட்டு வட்டியேதான்.

1971-இல் காட்டுக் குதிரைகள் சுமார் 17,000 என்று மதிப்பிட்டார்கள். பின்னால் அது குறைவான மதிப்பீடு என்று தெரிந்தது. மனிதனின் வேட்டை நின்றுவிட்டது. ஓநாய்கள் அப்பகுதிகளிலிருந்து பெரும்பாலும் முன்னரே ஒழிக்கப்பட்டுவிட்டன. மலைச்சிங்கம் சில இடங்களில் மட்டும் குட்டிகளைப் பிடிக்கும். எனவே கூட்டங்கள் தடையின்றிப் பெருகின. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலான கூட்டங்கள் ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு வளர்வதாகக் கூறியது.

20 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும்? ஏறத்தாழ 4 ஆண்டுகளில். 15 விழுக்காடு என்றால் 5 ஆண்டுகளில். குதிரைகளும் அப்படியே. ஆனால் அவை மேயும் நிலம் இரட்டிப்பதில்லையே! இக்குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 10 மேற்கு மாநிலங்களில் சுமார் 2 கோடியே 70 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி வறண்ட நிலம். பல இடங்களில் ஆண்டு மழை 25 செ.மீ.க்கும் குறைவு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாவால் புல்லைச் சுழற்றிப் பிடுங்கும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு. அதனால் தரையோடு ஒட்டக் கத்தரித்துவிட முடியும். வறண்ட மண்ணில் இப்படி மேய்ந்த இடம் மீண்டும் துளிர்க்க ஆண்டுகள் ஆகும். இதே நிலங்களின் பெரும்பகுதியில் பண்ணையார்களின் மாடுகளும் குத்தகைக்கு மேய்கின்றன. குதிரையைக் குறைப்பதா, மாட்டைக் குறைப்பதா என்ற சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

இந்நிலம் சுமார் 25,500 குதிரை, கழுதைகளைத் தாங்கும் என்பது துறையின் கணிப்பு. இக்கணிப்பு மிகக் குறைவு என்று குதிரை ஆர்வலர்கள் வாதிடுகிறார்கள். 2020-இல் இருந்தவையோ சுமார் 95,000. பின்னர் பெருமளவில் பிடித்து அகற்றியதால் 2024 மார்ச்சில் அது சுமார் 73,500 ஆகக் குறைந்தது. அகற்றியவற்றை என்ன செய்வது? கொல்லக் கூடாது; திரும்ப விடவும் முடியாது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வழிதான் கௌரவமானது. அது, அவற்றுக்கு நல்ல வீடு தேடித் தருவது.

தத்துக் கொடுக்கும் திட்டம் 1973-இல் மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரையர் மலையில் தொடங்கியது. 1976-இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. இதுவரை இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் தனியார் இல்லங்களுக்குச் சென்றிருக்கின்றன.

குளிரால் இடும் முத்திரை

பிடிபட்ட குதிரைக்கு முதலில் வேண்டியது அடையாளம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் பழக்கம் உலகம் முழுதும் உண்டு. மஸ்டாங்குக்கோ இரும்பைக் காய்ச்சுவதில்லை, குளிர வைக்கிறார்கள்! இம்முறையை 1960-களில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபாரல் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கினார்.

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். அதில் உலோக முத்திரையை அமிழ்த்தினால் முதலில் 'புஸ்' என்று பொங்கிக் கொதிக்கும். உலோகத்தின் வெப்பத்தை நைட்ரஜன் உறிஞ்சி ஆவியாவதே அக்கொதிப்பு. கொதிப்பு அடங்கினால் இரண்டின் வெப்பநிலையும் சமமாகிவிட்டது என்று பொருள். வெப்பமானி தேவையில்லை! பிறகு கழுத்தின் இடப்புறம் பிடரி மயிருக்குக் கீழே முடியை மழித்து, சாராயத்தால் துடைத்து, முத்திரையைச் சில விநாடிகள் அழுத்துகிறார்கள். மயிருக்கு நிறம் தரும் உயிரணுக்கள் குளிருக்கு மிக எளிதில் மடிபவை. அவை மடிய, மயிர்க்கால் மட்டும் பிழைக்கிறது. சில வாரங்களில் அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைத்து, முத்திரை தெளிவாகத் தெரிகிறது. சூட்டுக்கோல் தரும் வேதனையும் ஆறாப் புண்ணும் இதில் இல்லை.

முத்திரையின் எழுத்துகளும் விந்தையானவை. கோணங்களைப் பல பக்கம் திருப்பி வைத்து எண்களைக் குறிக்கிறார்கள். நேர்கோடுகளாக இருப்பதால் முடி வளர்ந்தாலும் படிக்கலாம். ஒன்றை மற்றொன்றாகத் திருத்துவதும் கடினம். குதிரை பிறந்த ஆண்டும் பதிவெண்ணும் இதில் அடங்கும். கழுத்தில் இம்முத்திரையோடு ஒரு குதிரை கசாப்புக் கூடத்தின் ஏலத்தில் நின்றால், அது எந்த வழியாக அங்கே வந்தது என்று கேட்க ஆதாரம் இருக்கிறது.

அடக்குவதா, பழக்குவதா?

குதிரைக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் ஒன்றைப் பொறுத்தது. அதன் அருகே மனிதன் போக முடியுமா? 400 கிலோ எடை. மனிதனைக் கண்டாலே மிரளும். உதைத்தால் எலும்பு முறியும். இத்தகைய விலங்கை எந்தக் குடும்பம் வீட்டுக்கு அழைத்துப் போகும்?

பழைய மாட்டுக்காரர்களின் முறை அடக்குமுறை. குதிரையின் கண்ணைக் கட்டி, சேணத்தை இறுக்கி, ஒருவன் தாவி ஏறுவான். குதிரை துள்ளும், எகிறும், சுழலும். ஓய்ந்து நிற்கும் வரை அவன் விழாமல் இருக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் 'உடைத்தல்' என்றே பெயர். உடைந்தது குதிரையின் துணிவுதான். இப்படி அடங்கிய குதிரை அமைதியானதாகத் தோன்றும். உண்மையில் அது நம்பிக்கை இழந்து நிற்கும். அச்சம் உள்ளேயே இருப்பதால் என்றாவது ஒருநாள் வெடிக்கும்.

இதற்கு மாற்றான வழியும் புதிதன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனபன், சினத்தோடு குதிரையிடம் நடந்து கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தார். 1830-களில் பெருஞ்சமவெளியில் பயணம் செய்த ஓவியர் ஜார்ஜ் கேட்லின், பழங்குடியினர் புதிதாகப் பிடித்த குதிரையின் கண்களைக் கையால் மூடி, அதன் நாசியில் மூச்சு விட்டுப் பழக்குவதைக் கண்டு பதிவு செய்தார். 20-ஆம் நூற்றாண்டில் டாம் டாரன்ஸ், அவர் தமையனார் பில் டாரன்ஸ், ரே ஹன்ட் ஆகிய மேற்கத்தியக் குதிரைக்காரர்கள் இவ்வழியைச் செப்பனிட்டுப் பலருக்கும் கற்பித்தார்கள். குதிரையைத் தன் விருப்பத்திற்கு வளைக்கும் முன், குதிரை எதை எப்படிக் காண்கிறது என்று தெரிந்துகொள் என்பது அவர்கள் போதனையின் சாரம்.

குதிரையின் கண்ணால் பாருங்கள்

குதிரை ஓர் இரை விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருக்கின்றன. ஆகவே 360 பாகையில் ஏறக்குறைய 350 பாகையை அது ஒரே சமயத்தில் காண்கிறது. தெரியாத இடங்கள் இரண்டே: மூக்குக்கு நேர் முன்னால் சிறிது, வாலுக்கு நேர் பின்னால் சிறிது. சிங்கத்திற்கும் ஓநாய்க்கும் மனிதனுக்கும் கண்கள் முன்பக்கம் இருக்கின்றன. முன்பக்கக் கண்களை இமைக்காமல் பதித்து, நேர்கோட்டில் நடந்து வருபவன் குதிரையின் அகராதியில் வேட்டைக்காரன்.

எனவே பழக்குபவர் நேராகப் போவதில்லை. பார்வையைத் தாழ்த்தி, தோள்களைத் தளர்த்தி, குதிரையின் தோளை நோக்கிச் சாய்வாக நடக்கிறார். ஒவ்வொரு குதிரையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அதற்குள் மனிதன் காலை வைத்தால் குதிரை ஓடும். வெளியே நின்றால் கவனித்துக்கொண்டு நிற்கும். மஸ்டாங்குக்கு இவ்வட்டம் முதல் நாளில் மிகப் பெரியது. பழக்கும் கலை என்பது இவ்வட்டத்தை நாள்தோறும் சுருக்கிக்கொண்டே வருவதுதான்.

இதற்கென்று வட்டமான பட்டி ஒன்று அமைப்பார்கள். குறுக்களவு 15 முதல் 18 மீட்டர். வேலி ஆள் உயரத்திற்கு மேல். ஏன் வட்டம்? சதுரமாக இருந்தால் குதிரை மூலையில் ஒதுங்கும். மூலையில் அகப்பட்ட குதிரைக்கு ஓட வழியில்லை. ஓட வழியில்லாத குதிரை உதைக்கும். வட்டத்தில் மூலையே கிடையாது. நடுவில் நிற்கும் மனிதனிடமிருந்து, வேலியோரம் ஓடும் குதிரை எப்போதும் ஒரே தொலைவில் இருக்கிறது.

பழக்குபவர் ஓரடி முன்னே வைக்கிறார். இது ஓர் அழுத்தம். குதிரை ஓடுகிறது, அவர் பொறுத்திருக்கிறார். ஒரு கணம் அது நின்று ஒரு காதை அவர் பக்கம் திருப்புகிறது. அவர் உடனே ஓரடி பின்வாங்குகிறார். அழுத்தம் நீங்கியது. இந்த நீக்கமே குதிரைக்குப் பரிசு. வெல்லக்கட்டியைவிட அது விரும்பும் பரிசு இதுவே. ஆனால் பரிசு உடனே கிடைக்க வேண்டும். ஐந்து விநாடி தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று குதிரைக்கு விளங்காது. உளவியலார் ஆய்வுக்கூடத்தில் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டறிந்த கற்றல் விதிகளை, எழுதப் படிக்கத் தெரியாத குதிரைக்காரனும் பட்டியில் கண்டறிந்திருந்தான்.

அடுத்த கட்டம் தொடுதல். முதலில் கையால் அல்ல. நீண்ட கழியாலோ கயிற்றின் நுனியாலோ. தோளின் மேல், பிடரி முடியும் இடம் இதற்கு ஏற்றது. குதிரைகள் நட்போடு ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்வது அவ்விடத்தில்தான். பிரான்சு நாட்டின் கமார்க் குதிரைகளில் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அவ்விடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவது அளந்து காட்டப்பட்டது. பிறகு கை, பிறகு கழுத்து, முதுகு, கால்கள். ஒரு பக்கம் பழகியதை மறுபக்கத்திலும் முதலிலிருந்து பழக்க வேண்டும். பிறகு தலைக்கயிறு. இழுத்தால் கூட வருவது, குளம்பைச் சுத்தம் செய்யக் காலைத் தூக்கிக் கொடுப்பது, வண்டியில் தானே ஏறுவது ஆகிய பாடங்கள் வரிசையாக வரும். சேணமும் சவாரியும் கடைசியில்தான்.

சில குதிரைகள் சில நாட்களில் முதல் தொடுதலுக்கு இணங்கும். சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும். இளங்குட்டிகள் விரைவில் பழகும். கூட்டத்தை ஆண்ட முதிய பொலிகுதிரைகளுக்கு நெடுநாள் பொறுமை வேண்டும். இதன் பலனை மக்கள் கண்ணால் காணட்டும் என்று 2007-இல் டெக்ஸாஸில் ஒரு போட்டி தொடங்கினார்கள். பயிற்சியாளர்கள் தொடப்படாத மஸ்டாங்கைப் பெற்று, ஏறக்குறைய 100 நாட்களில் பழக்கி அரங்கில் காட்ட வேண்டும். முடிவில் அக்குதிரைகள் தத்துக்கு விடப்படும்.

சிறைச்சாலைகளும் இப்பணியில் இறங்கின. 1986-இல் கொலராடோவின் கான்யன் நகரச் சிறையில் கைதிகள் மஸ்டாங்குகளைப் பழக்கத் தொடங்கினார்கள். வேறு மாநிலங்களிலும் இது பரவியது. இப்பட்டியில் உடல் பலம் செல்லாது. குரலை உயர்த்தினால் அன்றைய உழைப்பு வீண். சினத்தால் வாழ்க்கையை இழந்த பலர், சினம் கொள்ளாமல் இருக்கும் கலையைக் குதிரையிடம் பயின்றார்கள்.

நல்ல வீடு எது?

கேட்டவருக்கெல்லாம் குதிரையைக் கொடுத்துவிட முடியாது. தத்து எடுப்பவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விலங்கைக் கொடுமை செய்த குற்றத்திற்குத் தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு குதிரைக்கும் குறைந்தது 400 சதுர அடிப் பட்டி வேண்டும். பழகாத வளர்ந்த குதிரை என்றால் வேலி 6 அடி உயரம் இருக்க வேண்டும். முள்கம்பி கூடாது. தண்ணீர், தீவனம், நிழல் கட்டாயம். ஓராண்டுக் காலம் குதிரை அரசின் சொத்தாகவே இருக்கும். நன்றாக வளர்க்கப்படுகிறது என்று கால்நடை மருத்துவர் போன்ற தகுதியுடையவர் சான்று அளித்த பிறகே உரிமைப் பத்திரம் கைக்கு வரும். ஒருவர் ஓராண்டில் நான்கு விலங்குகளுக்கு மட்டுமே உரிமை பெறலாம் என்று 1978-இல் வரம்பும் கட்டினார்கள்.

இவ்விதிகளைத் தளர்த்திய போதெல்லாம் விளைவு கசப்பாகவே இருந்திருக்கிறது. 1984 முதல் 1988 வரை, மொத்தமாகக் குதிரைகளை ஏற்பவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி செய்தார்கள். சுமார் 20,000 குதிரைகள் இவ்வாறு போயின. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இறைச்சிக்கு விற்கப்பட்டதை அரசின் தணிக்கை அமைப்பே 1990-இல் வெளிப்படுத்தியது. 2019-இல் வேறொரு வழி தேடினார்கள். பழகாத குதிரையைத் தத்து எடுப்பவருக்கு 1,000 டாலர் ஊக்கத்தொகை! தத்து எடுப்போர் பெருகினார்கள். ஆனால் பணம் கைக்கு வந்ததும் குதிரையைக் கசாப்பு வணிகர் வரும் ஏலங்களில் விட்டவர்கள் பலர் என்று 2021-இல் செய்தி வெளியாயிற்று. 2025-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இத்திட்டத்தை ரத்து செய்தது. பணத்தை விரும்பியவர் வீடும் குதிரையை விரும்பியவர் வீடும் ஒன்றல்ல என்பதை 40 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை விலை கொடுத்துக் கற்றார்கள்.

வீடு கிடைக்காதவை அரசின் பட்டிகளிலும் குத்தகைப் புல்வெளிகளிலும் காத்திருக்கின்றன. 2024-இல் அவை 60,000-க்கும் மேல். திட்டத்தின் செலவில் பாதிக்கு மேல் இவற்றைப் பராமரிக்கவே போகிறது. நெருக்கமாக அடைத்து வைப்பதில் நோய் அபாயமும் உண்டு. 2022-இல் கான்யன் நகரப் பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 140-க்கும் மேற்பட்டவை மாண்டன.

முடிவில் ஒரு கணக்கு

மாணவர்களே, தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் தாங்கும் தொகையான 25,500 அளவிலேயே கூட்டம் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு வளர்ச்சி 20 விழுக்காடு எனில், ஆண்டுதோறும் 5,100 விலங்குகள் மிகும். 2011 முதல் 2014 வரை தத்துப் போனவை எந்த ஆண்டிலும் 3,000-ஐ எட்டவில்லை. அப்படியானால் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் பட்டியில் போய்ச் சேரும். அந்தக் குவியல் என்றும் குறையாது. வளர்ச்சியை 10 விழுக்காடாகக் குறைத்தால் என்ன ஆகும்? மிகுவன 2,550 மட்டுமே. தத்து எடுப்போர் சற்றுப் பெருகினாலே அத்தனைக்கும் வீடு கிடைத்துவிடும்.

வளர்ச்சியைக் குறைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பன்றியின் முட்டை உறையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைத் தடுப்பூசியாக்கி, துப்பாக்கி வழியே ஊசியம்பாகப் பெண் குதிரைக்குச் செலுத்தலாம். அதன் உடல் அப்புரதத்திற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். விந்தணு முட்டையில் ஒட்டாது. அந்த ஆண்டு குட்டி பிறக்காது. 1988-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள அசட்டீக் தீவுக் குதிரைகளிடம் ஜே கிர்க்பாட்ரிக் குழுவினர் இதைச் சோதித்து வெற்றி கண்டார்கள். தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2013 அறிக்கையும் இத்தகைய முறைகளைப் பரிந்துரைத்தது. ஆனால் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் பரந்த மலைநாட்டில், மனிதனைக் கண்டு ஓடும் குதிரைகளைத் தேடிப் பிடித்து, மருந்தின் வேகம் குறையுமுன் மீண்டும் செலுத்துவது பெரும் உழைப்பு.

ஆகவே இக்கணக்கில் இரண்டு பக்கங்களும் வேண்டும். மலையில் பிறப்பு குறைய வேண்டும். பட்டியில் பழகிய குதிரைகள் பெருக வேண்டும். சட்டம் மஸ்டாங்கைக் கசாப்புக் கூடத்திலிருந்து மீட்டது. ஆனால் அதன் கழுத்தில் தலைக்கயிற்றை மாட்ட எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதற்கு ஒரு மனிதர் வட்டப் பட்டியின் நடுவில் நாட்கணக்கில் நின்று, ஒரு காது தம் பக்கம் திரும்பும் கணத்திற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.